மண்டபத்தில் முதல் ஆறு மாதம்: கடல் தாண்டி வந்தவர்களுக்கு

1990, ஜூலை மாதம். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் முகாமில் ஒரு மேசைக்கு முன்னால் அப்பா நின்றார். அவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு ஒன்பது வயது. "பேர் என்னய்யா?" என்று மேசைக்காரர் கேட்டார். மன்னாரில் எப்படிச் சொல்வோமோ அப்படியே தன் தகப்பன் பெயரை முன்னால் வைத்து, தன் பெயரைப் பின்னால் சொன்னார் அப்பா. எழுதியவர் காதில் விழுந்த முதல் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். காகிதத்தில் அன்றைக்கே என் அப்பா என் தாத்தாவாகிவிட்டார். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஓர் இனிஷியல், முகாம் அட்டையில் வேறோர் இனிஷியல். பிளஸ் டூ முடித்து உதவித்தொகைக்கு மனுப் போட்டபோது இரண்டு பேரும் நான்தான் என்று நிரூபிக்க ஒன்றரை வருஷம் அலைந்தேன். எழுதியவர் மேல் இப்போது கோபம் இல்லை. அன்றைக்கு வரிசை அவ்வளவு நீளம்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் காகிதத்தைப் பற்றித்தான் இருக்கும். சோறும் பாயும் எப்படியாவது கிடைத்துவிடும். தப்பாக எழுதிய பெயர் முப்பது வருஷம் கூடவே வரும்.

கரையில் இறங்கிய அன்று

பெரும்பாலும் உங்களை முதலில் பார்ப்பவர்கள் கடலோரக் காவல்படையினரோ மரைன் போலீஸாரோதான். தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கத்து மணல் திட்டுகளில் படகுக்காரர் இறக்கிவிட்டுப் போய்விடுவது வழக்கம். 2022 மார்ச்சில், இலங்கையில் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, வந்தவர்களில் ஒரு குடும்பத்தை அப்படி ஒரு திட்டிலிருந்துதான் மீட்டுக் கொண்டுவந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் தண்ணீர் இல்லாமல் பட்ட பாடு இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது தண்ணீர். வெட்கப்படாமல் கேளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சலோ, யாராவது கர்ப்பமாகவோ இருந்தால் அதை விசாரணை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்.

அப்புறம் விசாரணை. மரைன் போலீஸ் கேட்கும், தமிழகப் போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிரிவு கேட்கும், வேறு ஆட்களும் வந்து அதே கேள்வியைக் கேட்பார்கள். எங்கிருந்து வந்தீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், இங்கே சொந்தக்காரர் யார். ஒரே பதிலைத்தான் எல்லோரிடமும் சொல்ல வேண்டும், அதற்கு ஒரே வழி உண்மையைச் சொல்வது. தேதி ஞாபகமில்லை என்றால் ஞாபகமில்லை என்றே சொல்லுங்கள். பயத்தில் ஏதோ ஒரு தேதியைச் சொன்னால், நாலாவது ஆள் கேட்கும்போது அதுவே பொய்யாகத் தெரியும். போன், நகை, இலங்கைப் பணம் எதையும் ஒளிக்காதீர்கள். போலீஸார் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டால் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். பட்டியலைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பெண்களை விசாரிக்கும்போது பெண் காவலர் கூட இருக்க வேண்டும் என்று கேட்கலாம். "மேடம் ஒருத்தங்க இருந்தா நல்லது சார்" என்று சொன்னால் போதும்.

சட்டப்படி உங்கள் நிலை என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆவணம் இல்லாமல் வந்த வெளிநாட்டவர் என்றுதான் சட்டம் உங்களைப் பார்க்கிறது. முகாமில் தங்க இடம் தருவது அரசின் முடிவு. 2025இல் வந்த மத்திய அரசின் ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. "எல்லாருக்கும் விலக்கு வந்துட்டுது" என்று யாராவது சொன்னால் அந்தத் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு அது பொருந்தாது.

பெயர் எழுதும் மேசை

விசாரணை முடிந்ததும் மண்டபம் முகாம். ரயிலில் வருகிறவர்களுக்கு 'மண்டபம் கேம்ப்' என்று ஸ்டேஷனே உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலியாட்களைத் தங்கவைத்து நோய் பார்த்து அனுப்பிய இடம் இது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த மலையகத்து ஆட்கள் திரும்பி வந்தபோதும் இதே இடம்தான். 1983க்குப் பிறகு நாங்கள். இப்போது நீங்கள்.

இங்கே உங்கள் விவரங்களை எழுதப்போகிறார்கள். மேசைக்குப் போவதற்கு முன், முந்தின நாள் ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாள் எடுத்து, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தன் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், அடையாள அட்டை எண். தமிழிலும் எழுதுங்கள், இலங்கை அட்டையில் உள்ளபடியே ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வாயால் சொல்லாமல் அந்தத் தாளைக் கொடுங்கள்.

ஏன் இந்தப் பாடு? அங்கே 'கந்தையா சிவராசா' என்றால் சிவராசா ஆள், கந்தையா தகப்பன். இங்கே அதை 'க. சிவராசா' என்று எழுதுவார்கள். அதைச் சொல்லாவிட்டால் உங்களைக் கந்தையா என்றே கூப்பிடுவார்கள், உங்கள் பிள்ளைக்கும் 'க' இனிஷியலாகிவிடும். ஆகவே, "என் பேர் சிவராசா, அப்பா பேர் கந்தையா" என்று பிரித்தே சொல்லுங்கள். ஆங்கில எழுத்து இன்னும் மோசம். தர்சினி, தயாளன், துஷ்யந்தன் மாதிரி 'த'வில் தொடங்கும் பெயர்களை அங்கே ஒரு விதமாகவும் இங்கே வேறு விதமாகவும் எழுதுவார்கள். இங்குள்ள வழக்கப்படி 'திருத்தி' எழுதித் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இலங்கை அட்டையில் என்ன எழுத்தோ அதே எழுத்து. நாளைக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றாலும், பிள்ளைக்குக் குடியுரிமை பதிய வேண்டுமென்றாலும் அந்த எழுத்தைத்தான் ஒத்துப் பார்ப்பார்கள்.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். அன்றைக்குத் திருத்த ஒரு நிமிஷம். அடுத்த மாதம் திருத்த ஒரு மனு. பத்து வருஷம் கழித்தென்றால் வக்கீலும் உறுதிமொழிப் பத்திரமும்.

அலுவலகச் சொற்கள் வேறு குழப்பும். அங்கே கிராம சேவகர், இங்கே வி.ஏ.ஓ. அங்கே பிரதேச செயலகம், இங்கே தாலுகா ஆபீஸ். அரசாங்க அதிபர் என்பதற்குக் கலெக்டர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்று கேட்டால் முழிப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் என்று கேளுங்கள். விடுகைப் பத்திரம் என்பது இங்கே டி.சி. முகாமைப் பார்த்துக்கொள்ளும் வட்டாட்சியரைத் தாசில்தார் என்பார்கள். எல்லோரையும் 'சார்', பெண் என்றால் 'மேடம்'. கடையில் 'அண்ணே', 'அக்கா'; முஸ்லிம் கடைக்காரர் என்றால் 'பாய்'. ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று சொன்னால் சாமி கும்பிடுகிறீர்களோ என்று பார்ப்பார்கள். சிரித்துவிட்டுப் போகலாம்.

ஒரு பிளாஸ்டிக் கவர் வாங்கி, காகிதம் எல்லாவற்றையும் அதில் போட்டு, கூரை ஒழுகாத மூலையில் உயரமாகத் தொங்கவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை வரும்போது இதன் அருமை தெரியும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இன்னொருவர் போனிலும் வையுங்கள்.

முகாமுக்குள்

'அகதிகள் முகாம்' என்ற பெயரை 2021இல் தமிழக அரசு மாற்றிவிட்டது. இப்போது 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'. பெயர் மாறினாலும் கணக்கெடுப்பு மாறவில்லை. ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் நாளில் நீங்கள் இருக்க வேண்டும். வெளியே போனால் சொல்லிவிட்டுப் போங்கள். ராத்தங்க வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். திருச்சியில் சித்தி இருக்கிறார் என்று சொல்லாமல் கிளம்பிப்போய், திரும்பி வந்தபோது 'தலைமறைவு' என்று எழுதியிருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு.

பணம் பற்றி. பதிவு பெற்ற முகாம் குடும்பங்களுக்கு 2021 அறிவிப்பின்படி மாதாமாதம் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்குத் தலைக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 500. இலவச அரிசியும் உண்டு. இதைப் பணக்கொடை என்பார்கள். ஆனால் வந்து இறங்கிய மறுமாதமே கைக்கு வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். பதிவு முடிய வேண்டும். உங்கள் பெயர் எந்தப் பட்டியலில், என்ன நிலையில் இருக்கிறது என்பதை முகாம் அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். மாதம் ஒருமுறை கேட்பது தப்பில்லை. கேட்ட தேதியையும், யார் என்ன சொன்னார் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். (கொப்பி என்றால் இங்கே நோட்டு. கடையில் அப்படிக் கேளுங்கள்.)

தண்ணீர்தான் இந்தக் கரையின் பெரிய பாடு. கடலுக்குப் பக்கம் என்பதால் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை அயல்வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாய் அகன்ற குடம் இரண்டு முதலிலேயே வாங்குங்கள். வரிசையில் குடத்தை வைத்துவிட்டுப் போனால் அதுவும் இடம் பிடித்ததாகத்தான் கணக்கு, ஆனால் குடத்தில் ஓர் அடையாளம் கீறி வையுங்கள். எங்கள் வரிசையில் ஒரே மாதிரி பச்சைக் குடம் ஏழு இருந்தது. வந்த முதல் வாரமே சண்டை.

இன்னொன்று, கச்சான். அங்கே கச்சான் என்றால் வறுத்து சுருட்டிய காகிதத்தில் தரும் கடலை. இங்கே அது மண்ணை வாரிக் கண்ணில் அடிக்கும் காற்று. ஆனி, ஆடியில் சோற்றுப் பானையை மூடாமல் வைத்தால் மணலைத்தான் சாப்பிட வேண்டும்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தல்

இதைத் தள்ளிப் போடாதீர்கள். "எங்க இருக்கப் போறோமோ தெரியல, பிறகு பாப்பம்" என்று சொல்லி ஒரு வருஷத்தை இழந்த பிள்ளைகளுக்கு நான் மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு வருஷத்தைப் பிடிக்க அவர்களுக்கு மூன்று வருஷம் ஆனது.

முகாம் பகுதியிலேயே அரசுப் பள்ளி இருக்கிறது. டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றாலும் நேராகத் தலைமை ஆசிரியரிடம் போங்கள். ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளையை வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்காமல் விடக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. அங்கே படித்த பள்ளியின் தேர்ச்சி அறிக்கை போனில் படமாக இருந்தால்கூடக் காட்டுங்கள். சேர்க்கைப் படிவத்திலும் அதே பெயர், அதே எழுத்து, அதே பிறந்த தேதி. நான் தோற்ற இடம் இதுதான், அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இங்கே பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கும், ஏப்ரலோடு பரீட்சை முடியும். சாதாரண தரம் என்பதற்குக் கிட்ட வருவது பத்தாம் வகுப்பு. உயர்தரம் பிளஸ் டூ. பாடப் பெயர்களைக் கேட்டுப் பிள்ளை மிரளும். விஞ்ஞானம் இங்கே அறிவியல். பௌதிகவியல் என்பது இயற்பியல், இரசாயனவியல் என்பது வேதியியல். நன்றாகப் படித்த பையன் ஒருவன் முதல் மாதத் தேர்வில் ஒன்றுமே எழுதாமல் வந்தான். கேள்வி தெரியாமல் அல்ல, கேள்வியில் இருந்த சொல் தெரியாமல். உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு சொல்பட்டியல் போட்டோம், அடுத்த தேர்வில் எழுபதைத் தாண்டினான். ஆசிரியரிடம் இதைச் சொல்லிவையுங்கள், புரிந்துகொள்வார்கள்.

ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் காலைச் சாப்பாடு உண்டு, மதியம் முட்டையோடு சத்துணவு. பாடப்புத்தகமும் சீருடையும் காசில்லை. அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால் அங்கன்வாடியில் சேருங்கள்.

உடம்பும் பிரசவமும்

சாதாரணக் காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையம். பெரிதாக ஏதாவது என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அவசரத்துக்கு 108. போனில் இடம் சொல்லும்போது 'மண்டபம்' என்று மட்டும் சொல்லாமல் 'மண்டபம் முகாம்' என்று சேர்த்துச் சொல்லுங்கள், ஊரும் முகாமும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. தடுப்பூசிப் புத்தகம் கொண்டுவந்திருந்தால் தங்கம் மாதிரிக் காப்பாற்றுங்கள். இல்லையென்றால் எந்தெந்த ஊசி போட்டது என்று ஞாபகத்திலிருந்தாவது நர்ஸிடம் சொல்லுங்கள்.

கர்ப்பமாக இருக்கும் தங்கச்சிமார் முதல் வேலையாகக் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்ததும் ஓர் எண் தருவார்கள். தமிழ்நாட்டில் குழந்தை பிறந்து சான்றிதழ் வாங்கப் போகும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். பிரசவம் ஆஸ்பத்திரியிலேயே நடக்கட்டும். வீட்டில் பெற்றால் பிள்ளைக்குக் காகிதம் வாங்குவது தனிப் போராட்டம். சான்றிதழ் வாங்கிய பிறகு, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகப் பிள்ளையின் இலங்கைக் குடியுரிமையையும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் வளரும்.

இந்த மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணின் கதை முகாம்களில் எல்லோருக்கும் தெரியும். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பது சட்டம். அவர் தன் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022இல் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். இன்றைக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அந்தச் சட்டம் கிடைக்காது. ஆனால் 36 வருஷத்துக்கு முந்தைய ஒரு தாள் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தூக்கம் வரவில்லை, கடல் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் அதுவும் நோய்தான். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

வேலை தேடும்போது

ஆண்களுக்குப் பெரும்பாலும் பெயின்ட், கொத்து வேலை, லோடு ஏற்றுதல். கூலியை வேலைக்கு முன்பே பேசுங்கள், அன்றன்றைக்கே வாங்குங்கள். 'வாரக் கடைசியில் சேர்த்துத் தர்றேன்' என்பவரிடம் இரண்டாம் வாரம் போகாதீர்கள். கூட்டிப்போகும் மேஸ்திரியை முகாமில் பழைய ஆட்களுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கடல் தெரிந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பேசாலை, தலைமன்னார்ப் பக்கத்து ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும். இங்கே மீனவர் அடையாள அட்டை இல்லாமல் படகேறாதீர்கள். எல்லைக் கோட்டுப் பக்கம் போய் இலங்கைக் கடற்படையிடம் மாட்டினால் உங்கள் கதை இரண்டு நாட்டிலும் சிக்கலாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் இறங்கினாலே வழக்கு.

முக்கியமாக, கடலட்டை (கடலடியில் வெள்ளரிக்காய் மாதிரிக் கிடக்கும் உயிரி). அங்கே உரிமம் வாங்கிப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள், அது தொழில். இங்கே 2001 முதல் அது புலி, யானையோடு சேர்த்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பிடிப்பது, அவிப்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். "ரெண்டு மூட்டையை ராத்திரிக்கு மட்டும் உங்க வீட்ல வச்சுக்குங்க" என்று யாராவது நல்லமுறையில் கேட்பார்கள். கடலட்டையோ, இலங்கைக்குக் கடத்தும் மஞ்சளோ, பீடி இலையோ, என்னவென்று திறந்துகூடப் பார்க்க வேண்டாம். முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஜெயிலுக்குப் போவது மூட்டைக்காரர் இல்லை, வீட்டுக்காரர்.

இதே கணக்கில், ஆதாரோ வாக்காளர் அட்டையோ 'எடுத்துத் தர்றேன்' என்று காசு கேட்பவர்களும் வருவார்கள். இந்தியர் என்று பொய்யாக எழுதி வாங்கிய அட்டை ஒன்று போதும், பிற்காலத்தில் வரக்கூடிய எந்த நல்லதையும் கெடுத்துவிடும். சிம் கார்டை இன்னொருவர் பெயரில் வாங்குவதும் வம்புதான்.

யாரிடம் போவது

முதலில் முகாம் தலைவர். அவரோடு உங்களுக்கு ஒத்துப்போகாவிட்டாலும் போய் முகம் காட்டுங்கள். அப்புறம் முகாம் அலுவலகம், தாசில்தார். ஓஃபர் என்று எல்லோரும் சொல்கிற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் இருக்கிறது. அதில் வேலை செய்பவர்களில் பலர் நம்மைப் போல வந்தவர்களே. ஆவணம், பிள்ளைகள் படிப்பு இரண்டுக்கும் அவர்களிடம் போகலாம். ஜே.ஆர்.எஸ். என்னும் சேசு சபை அமைப்பு மாலை வகுப்புகள் நடத்துகிறது. திரும்பிப் போக விருப்பம் வந்தால் படகுக்காரரைத் தேடாதீர்கள், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகத்தில் கேளுங்கள், விருப்பத்தின் பேரில் திரும்புவோருக்கு அது உதவி வந்திருக்கிறது. நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி வாங்கி விமானத்தில் போகிற வழி அது.

வழக்கு என்று ஏதாவது வந்தால் தனியார் வக்கீலைத் தேடுமுன் 15100க்குப் பேசுங்கள். பெண்கள், பிள்ளைகள், காவலில் இருப்பவர்களுக்கு இலவச வக்கீல் கொடுக்க வேண்டியது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098.

எங்கேயும் வேலை நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். முகாமில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலையிலேயே பஸ் ஏறுங்கள். மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: யார், எப்போது வந்தோம், என்ன கேட்கிறோம், இதுவரை யாரிடம் எந்தத் தேதியில் கேட்டோம். அந்த நோட்டு இப்போது உதவும். இரண்டு நகல் எடுத்து ஒன்றில் முத்திரையும் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள், எண் இல்லாத மனு மனுவே இல்லை. ஜெராக்ஸை மண்டபத்திலேயே எடுத்துவிடுங்கள், அங்கே திங்கட்கிழமை வரிசை வாசல் வரை நிற்கும். பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொண்டு போங்கள், திரும்ப மத்தியானம் தாண்டிவிடும்.